வெயிலில் எரிந்த சாணித் தீ

1

இந்தக் கதை ஒரு மெய்ப்புத் திருத்தத்தில் பிறந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கதை கனவில் வந்தது, கடற்கரையில் நடக்கும்போது வந்தது என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூலிக்குப் பிழை திருத்துகிறவன் நான். 'பண்ணைகளில் சாண எரிவாயு உற்பத்தியை ஊக்குவிக்கும் காரணிகளும் தடுக்கும் காரணிகளும்' என்று ஒரு கையேடு வந்தது. தலைப்பைப் படிக்கும்போதே கொட்டாவி விட்டேன். பின்னிணைப்பில் ஒரு பழைய அறிக்கை இருந்தது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், செலியமேடு, 1960. எழுதியவர் அரசாங்கத்தின் கிராம சேவக் சம்மந்தம்.

அதில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் ஊக்குவித்தவை: எட்டு மாடுகள், பக்கத்திலேயே கிணறு, நல்ல வெயில், வீட்டு அம்மாவின் விருப்பம், கொட்டகை கூட்டும் பெண். வலப்பக்கம் தடுத்தவை: சாணியோடு வரும் மணல், மார்கழிக் குளிர், மாடுகள் மேயப் போய்விடுவது, ஊர்க்காரர்களின் கேலி, கொட்டகை கூட்டும் பெண்.

ஒரே சொற்கள் இரண்டு தடவை. அச்சுக் கோத்தவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். எதை அடிப்பது, இடத்தையா வலத்தையா? இரண்டு நாள் பேனா அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள்தான் அது பிழையே இல்லை என்று பட்டது. ஒரே பெண் ஒரே காரியத்தை நடத்தியும் இருக்கிறாள், தடுத்தும் இருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது வருடப் பிழை திருத்தத்தில் எந்தக் கவிதைக்கும் அப்படிச் சிலிர்த்ததில்லை.

(அந்த அறிக்கை நிஜமா என்று கேட்பீர்கள். இந்தக் கதைக்குள் நிஜம். அதற்கு மேல் என்னைக் குடையாதீர்கள்.)

அறிக்கையில் அவளுக்குப் பெயர் இல்லை. காசம்மாள் என்று வைக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'பாகூர் ஏரியின் நீர் பாயும் பச்சை வயல்களுக்கு நடுவே, பொன்னிறக் காலை வெயிலில்'

அடித்துவிட்டேன். வயலில் தொடங்கினால் சாணிக்கு வந்து சேர நாலு பக்கம் ஆகும்.

இரண்டாவது: 'பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் காகிதத்தில் அவர்கள் இன்னும்'

இதுவும் போகட்டும். ஆட்சி கை மாறிவிட்டது, கடைசிக் கையெழுத்து மட்டும் விழவில்லை என்ற இரண்டுங்கெட்டான் வருடங்கள் அவை. சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் மாடு இரண்டு ஆட்சியிலும் ஒரே மாதிரிதான் சாணி போட்டது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

பொழுது விடியும் முன் விழுந்த சாணி வீட்டுக்கு, விடிந்த பிறகு விழுவது கொட்டகை கூட்டுகிறவளுக்கு.

செல்லப்பன் வீட்டில் அதுதான் முறை. அவருக்குப் பத்துக் காணி நிலம், எட்டு மாடு. ராத்திரி விழுந்த சாணியைக் காசம்மாள் வாரி எருக்குழியில் கொட்டிவிடுவாள். சூரியன் தலை காட்டிய பிறகு விழுவதெல்லாம் அவள் கூடைக்கு. எங்கேயும் எழுதி வைக்காத ஏற்பாடு. சில நாள் சரியாக விடிகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு மாடு வாலைத் தூக்கும். கொல்லைப்பக்கம் நிற்கும் செல்லப்பனின் மனைவி தெய்வநாயகியும், கூடையோடு நிற்கும் காசம்மாளும் ஒரே சமயத்தில் கிழக்கே திரும்பிப் பார்ப்பார்கள். "வுடு, எடுத்துக்கோ" என்பாள் தெய்வநாயகி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்தச் சாணி காசம்மாள் வீட்டுச் சுவரில் வறட்டியாகக் காயும். வில்லியனூர்ச் சூளைக்கும் பாகூர்க் கடைத்தெருவுக்கும் போகும். அவள் புருஷன் இன்னாசிமுத்து அதே பண்ணையில் ஏர் ஓட்டினான். அவனுக்குக் கிடைத்த நெல் கஞ்சிக்குச் சரியாகிவிடும். எண்ணெய், உப்பு, துணி, மகள் ரோசம்மாளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் வறட்டியிலிருந்துதான் வந்தன.*

* வறட்டியா, வரட்டியா, விராட்டியா என்று அகராதிக்காரர்கள் சண்டை போடட்டும். அவள் வராட்டி என்றாள்.

3

மாசி மாதம் சம்மந்தம் சைக்கிளில் வந்தார். சாணியைக் கரைத்துக் குழியில் ஊற்றி, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்தால் வாயு சேரும், அதில் சோறு பொங்கலாம், புகையே இருக்காது என்றார். செல்லப்பன் நம்பவில்லை. தெய்வநாயகி 'புகையே இருக்காது' என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அவள் அடுப்படிக்கு ஒரே ஒரு சிறிய சன்னல். பதினெட்டு வருடமாக அந்தப் புகையில் கிடந்து, வலது கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்பினார். சோறு யார் ஆக்குவது என்று அவர் சொல்லவில்லை.

குழி வெட்டினார்கள். டிரம் வண்டியில் வந்து இறங்கியது. சம்மந்தம் கொட்டகையில் நின்று கணக்குப் பார்த்துவிட்டு, "எட்டு மாட்டுச் சாணியும் முழுசா வேணும். ஒரு கூடைகூட வெளிய போவக் கூடாது" என்றார்.

காசம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். "விடிஞ்சப்புறம் விழறதுமா சார்?"

"விடிஞ்சா இன்னா, விடியலன்னா இன்னா? எல்லாம் சாணிதானம்மா."

அவள் தெய்வநாயகியைப் பார்த்தாள். தெய்வநாயகி எருமைக் கன்றைப் பார்த்தாள்.

"ஆண்டம்மா, அப்ப வராட்டிக்கு நான் இன்னா பண்றது?"

"ஏரிப்பக்கம் மேயற மாடெல்லாம் போடுதில்ல, காசம்மா? அத்தப் பொறுக்கிக்க."

ஏரிப்பக்கம் பொறுக்க ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். தெய்வநாயகிக்கும் அது தெரியும். அவளைக் கெட்டவளாக்க என்னால் முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

(இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காசம்மாள் அந்த வீட்டு அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. அவள் தெருக்காரர்கள் யாரும் வைத்ததில்லை, வைக்க விட்டதில்லை. இப்போது அவள் அள்ளிய சாணியின் மூச்சு குழாய் வழியாக அந்த அறைக்குப் போகப் போகிறது. இதை எழுதிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.)

4

அன்றிலிருந்து காசம்மாள் எல்லாச் சாணியையும் வாரி, மணல் பொறுக்கி, கிணற்றுத் தண்ணீரில் கையால் கரைத்துக் குழியில் ஊற்றினாள். வேலை கூடியது, வருமானம் போனது. அவள் வீட்டுச் சுவர் வெறுமையாகிவிட்டது. மண் பூசிய இடத்தில் அவள் கைவிரல் பதிந்த பழைய வட்டங்கள் மட்டும் இருந்தன. சித்திரை பிறப்பதற்குள் ரோசம்மாள் பள்ளிக்கூடத்தை விட்டுக் களை பறிக்கப் போனாள்.

அவள் ஏன் மணலையும் கல்லையும் அப்படியே கொட்டிக் காரியத்தைக் கெடுக்கவில்லை? யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நானாக இருந்தால் கொட்டியிருப்பேன். அவளுக்கு அது தோன்றியிருக்கும் என்றும் நினைக்கிறேன். ஆனால் கை பழகிய வேலையைக் கெடுத்துச் செய்ய அந்தக் கைக்குத் தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, டிரம் எழும்பியிருந்தது.

நாலு ஆள் சேர்ந்து இறக்கிய இரும்பு அது. முந்தின நாள் சாணிக் கரைசலில் கழுத்துவரை முழுகிக் கிடந்தது. இப்போது ஒரு முழம் மேலே நின்றது. யாரும் தூக்கவில்லை, கயிறு இல்லை, சத்தம்கூட இல்லை. அடியில் இருந்த சாணி மூச்சு விட்டிருந்தது, அவ்வளவுதான். இன்னாசிமுத்து டிரம்மின் மேல் கையை வைத்து அழுத்தினான். அது கொஞ்சம் இறங்கிவிட்டு மறுபடி அவன் கையைத் தூக்கியது. அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தான்.

"இன்னாமே இது, உசுரு கீற மாதிரி தூக்குது!"

ஊரே வந்து பார்த்தது. சிரித்துக் கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள் சும்மா நின்றார்கள். நானும் இதை எழுதிய பக்கத்தில் மேலே ஒரு வரிகூடச் சேர்க்க முடியாமல் நின்றேன். பிழை திருத்துகிறவனுக்கு வியப்புக்குறி பிடிக்காது. இந்த இடத்தில் ஒன்று போட்டால் தகும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

5

கொளுத்திப் பார்ப்பது சித்திரை முதல் வெள்ளி என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்கு முன் சம்மந்தத்துக்கு வேறு ஊரில் வேலை. ஆகவே பன்னிரண்டு அடித்த பிறகு, உச்சி வெயிலில், எல்லாரும் கொல்லையில் கூடினார்கள்.

கேடு அங்கேதான் வந்தது. சம்மந்தம் அதுவரை சாண வாயு எரிந்து பார்த்ததே இல்லை. பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தார்கள். வரைந்தவர் தீயை மஞ்சள் சுண்ணாம்புக்கட்டியால் போட்டிருந்தார்.

அடுப்படிக்குக் குழாய் இழுத்து, வாயு அடுப்பும் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. ஆனாலும் முதலில் வெளியே பார்ப்போம் என்று டிரம் பக்கத்தில் வெளியே விட்டிருந்த கிளைக்குழாயின் திருகைத் திறந்தார். வெடித்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். நீளக் கழியின் நுனியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கொளுத்தி, குழாய் வாயில் காட்டினார். கழியை எடுத்தார். குழாய் வாயில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி காட்டினார், எடுத்தார். ஒன்றும் இல்லை. வெயில் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

செல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா சார், ரெண்டு மாசமா எங்கள சாணி கரைக்க வெச்சு வேடிக்க பாத்தீங்களா?"

சம்மந்தத்தின் முகம் சுண்டிவிட்டது. "கெட்ட வாயு சேந்துடுச்சி போல. எரியாது. தொறந்தே கெடக்கட்டும், எல்லாம் வெளிய போவட்டும். திங்கக்கிழம வண்டியோட வரேன். டிரம்ம மடுகரைக்கு எடுத்துட்டுப் போய்டறேன், அங்க ஒருத்தர் கேட்டுனு இருக்காரு."

தெய்வநாயகி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படிச் சன்னலில் புகை வந்தது.

6

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு காசம்மாள் கொல்லையைக் கூட்ட வந்தாள். மிதித்துப் போட்ட குப்பையை ஒதுக்கிக்கொண்டே குழாய்ப் பக்கம் வந்தாள். துடைப்பத்தின் நுனி குழாய் வாய்க்கு நேரே போனது.

துடைப்பம் பற்றிக்கொண்டது.

அவள் அதைக் கீழே போட்டு மிதித்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். தீ எங்கும் இல்லை. கருகிப்போன கழித்துணி தூரத்தில் கிடந்தது. குனிந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து, கையை நீட்டி, மெதுவாகக் குழாய் வாய்க்கு மேலே கொண்டுபோனாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் துரும்பு எரிந்தது.

(வெயிலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு மெல்லிய நீலம். வகுப்பில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.)

உள்ளங்கையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். சூடு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். குழாய்க்கு அப்பால் இருந்த வேப்பமரம் நெளிந்தது. சம்மந்தம் திருகியதைப் பார்த்திருந்தாள், அதே மாதிரி திருகி மூடினாள். மரம் நெளிவது நின்றது. கழித்துணியில் ஒரு பொறி மிச்சம் இருந்தது. அதை ஊதி, திருகைத் திறந்து, மறுபடி பற்ற வைத்தாள். மூடினாள். இன்னொரு தடவை பற்ற வைத்தாள். அப்புறம் மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மாதாவே" என்றாள்.

அவள் இடுப்பு ஒடிய அள்ளி, மணல் பொறுக்கி, கையால் கரைத்தது. நாற்றம் என்று ஊர் மூக்கைப் பொத்தியது. அதற்குள் இத்தனை சுத்தமான ஒன்று இருந்திருக்கிறது, வெயிலே அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. உலகத்தில் அந்த நேரத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் எழுந்து மிச்சக் கொல்லையையும் கூட்டினாள்.

7

இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை டிரம் மடுகரைக்குப் போய்விடும், சாணி அவளுக்குத் திரும்பி வரும், ரோசம்மாள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவாள்.

ஆனால் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'திங்களன்று மறுபடி சோதித்ததில் நீல நிறத்தில் எரிந்தது.' யார் மறுபடி சோதிக்கச் சொன்னார்கள் என்று இல்லை. சொல்லக்கூடியவள் ஒருத்திதான். ஏன் சொன்னாள்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு, 'சுவாமி, நான் ஒரு தீயை மறைத்து'

வேண்டாம். அது நாடகம். அதை மறைப்பதில் என்ன பாவம் இருக்கிறது? அவள் சொத்தைத்தானே அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள்.

தெய்வநாயகியின் கண்ணுக்காக இரங்கி என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரக்கப்பட வேண்டிய இடத்தில் இருந்தவள் காசம்மாள் இல்லை. அடுத்தவர் சௌகரியத்துக்காகத் தன் சோற்றை விட்டுக்கொடுக்கும் ஏழைப் பெண் என்றால் வாசகர்களுக்குக் கண் கலங்கும், எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரு வாரம் அவளைச் சந்தேகித்துவிட்டுக் கடைசியில் இதற்கு வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை அவள் இன்னாசிமுத்துவிடம் சொல்ல வாயெடுத்தாள், என்னவென்று சொல்வது? கண்ணுக்குத் தெரியாத தீயைப் பார்த்தேன் என்றா? பார்க்காதவனுக்கு அது புரியாது. பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை. இதைவிட நல்ல காரணம் கிடைத்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

8

திங்கட்கிழமை காலை சம்மந்தம் மாட்டு வண்டியோடு வந்தார். இன்னாசிமுத்துவும் வண்டிக்காரனும் டிரம்மில் கயிறு கட்டினார்கள். மூடிவைத்த டிரம் மூன்றே நாளில் மறுபடி உயர்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

காசம்மாள் கூடையோடு வந்து செல்லப்பன் முன்னால் நின்றாள்.

"ஆண்ட, டிரம்மு போய்ட்டா சாணி பழையபடிதான?"

"ஆமா."

"விடிஞ்சப்புறம் விழறது?"

"உனக்குத்தான். இன்னா இப்ப அதுக்கு?"

கிடைத்துவிட்டது. வாயாலேயே சொல்லிவிட்டார், நாலு பேர் கேட்டார்கள். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அது எரிஞ்சுது" என்றாள்.

"எது?"

"வெள்ளிக்கெழம. நீங்கல்லாம் போனப்புறம் பாத்தேன். எரிஞ்சுனேதான் இருந்துது. வெயில்ல தெரியல. இருட்டுல வெச்சுப் பாத்தாத் தெரியும்."

இன்னாசிமுத்து கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். சம்மந்தம் வெயிலைப் பார்த்து, குழாயைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் பகலில் இருட்டான இடம் ஒன்றுதான் இருந்தது. பதினெட்டு வருடக் கரி படிந்த அடுப்படி.

சம்மந்தமும் செல்லப்பனும் உள்ளே போனார்கள். தெய்வநாயகி விறகடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு ஓரமாக நின்றாள். காசம்மாள் கொல்லை வாசற்படிக்கு வெளியே நின்றாள். சம்மந்தம் புது அடுப்பின் திருகைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியை உரசினார். தீக்குச்சி ஒன்று அணைந்தது, இன்னொன்று ஒடிந்தது.

"மொதல்ல குச்சியக் கொளுத்துங்க சார், அப்புறம் தொறங்க" என்றாள் காசம்மாள் வெளியிலிருந்து. "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். ஐயோ, அவ்ளோ வேணாம். வுடுங்க சார், குடுங்க."

குச்சியை வாங்கிக் கொளுத்தினாள். திருகினாள்.

நீலம். அடுப்பைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி சின்னச் சின்ன நீலத் தீ எழுந்து நின்றது. சத்தம் இல்லை, புகை இல்லை. கரிச்சுவர் மேல் அந்த வெளிச்சம் மெதுவாக ஏறியது. தெய்வநாயகி பழக்கத்தில் முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனாள். துடைக்க ஒன்றும் இல்லை. முந்தானையைப் பிடித்த கை அப்படியே நின்றது. சம்மந்தம் தான் வந்த வேலையை மறந்துவிட்டார். செல்லப்பன், "அட" என்றார்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கீழே பார்த்தார்கள். காசம்மாளின் கால் இரண்டும் அடுப்படிக்குள் இருந்தன. பாதத்தில் சாணி காய்ந்திருந்தது.

வாசலுக்கு வெளியே இன்னாசிமுத்து, "காசம்மா" என்று பயந்து கூப்பிட்டான்.

அவள் திரும்பவில்லை. தீயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சார், இந்தக் குழா எவ்ளோ தூரம் போவும்?"

"எவ்ளோ தூரம்னா?"

"எங்க வூடு வரைக்கும் போவுமா?"

9

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் செல்லப்பன் சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பில் காசம்மாள் வெளியே வந்துவிடுகிறாள். நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, ஆனாலும் கிழித்தேன்.

இரண்டாவதில் சம்மந்தம் அதிகாரியாகிவிடுகிறார். தூரம் போகப் போக வாயுவின் அழுத்தம் குறையும், இரும்புக் குழாய்க்கு அரசாங்கத்தில் அனுமதி வேண்டும், எட்டு மாட்டுச் சாணி ஓர் அடுப்புக்குத்தான் போதும் என்று விளக்குகிறார். ஒவ்வொன்றும் உண்மை. கையேட்டில் தடுக்கும் காரணிகள் என்ற தலைப்பில் எல்லாமே இருக்கின்றன.

மூன்றாவதில் தெய்வநாயகி, "விடியறதுக்கு முன்னாடி விழறது குழிக்கு, மிச்சம் பழையபடி உனக்கு" என்கிறாள். சாணி குறைந்தால் தீயும் குறையும். அவளுக்கு ஒரு வேளைச் சமையல் புகையில்லாமல், மற்றது புகையில். எனக்கு இது பிடித்திருந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன். "அவ சாணியக் கேக்கலியே, தீயத்தானே கேட்டா" என்றாள் என் மனைவி பவுனம்மாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அறிக்கை இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. அவர்கள் நாலு பேரும் அந்த இருட்டில் நிற்கிறார்கள். கொல்லை வாசல் வழியாகப் பார்த்தால் வயல் வரப்பு தெரிகிறது, அதன் கடைசியில் சேரியின் கூரைகள். சம்மந்தம் கண்ணாலேயே அளக்கிறார். அதிகம் போனால் இருநூறு தப்படி. அளந்துவிட்டுச் செல்லப்பனைப் பார்க்கிறார், செல்லப்பன் மனைவியைப் பார்க்கிறார், அவள் உங்களைப் பார்க்கிறாள்.

காசம்மாள் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பதில் சொல்லுங்கள். அடுப்பில் பாத்திரம் எதுவும் இல்லை, வாயு வீணாகிறது.